இழை வைக்காத பக்கங்கள்

1. பாதரசம் சிந்திய நாள்

"சரோஜா, அணுவைப் பத்தி உனக்கு எவ்ளோ தெரியும்?"

பிரின்சிபால் அம்மா இதைக் கேட்டபோது நான் லேபில் தரையோடு தரையாக உட்கார்ந்து, உடைந்த பாரோமீட்டரிலிருந்து சிந்திய பாதரசத்தை ஒரு அட்டையால் கூட்டிக்கொண்டிருந்தேன். பாதரசம் கூட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. நிமிர்ந்து பார்க்காமலே, "பரீட்சை எழுதற அளவுக்குத் தெரியும் மேடம்" என்றேன்.

"பாடம் நடத்தற அளவுக்கு?"

அப்போதுதான் நிமிர்ந்தேன்.

திருப்பதியில் ஒரு பெண்கள் கல்லூரியில் நான் பிசிக்ஸ் டெமான்ஸ்ட்ரேட்டர். ஆந்திரா தனி ராஜ்யமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சித்தூர் ஜில்லாவில் எந்த ஊர் எந்தப் பக்கம் போகும் என்ற பேச்சு காபி கிளப்பில் தொடங்கி எங்கள் ஸ்டாஃப் ரூம் வரைக்கும் ஓயாது. எங்கள் சீனியர் லெக்சரர் மதராஸ் ராஜ்யத்திலேயே வேலை பார்ப்பதாக ஆப்ஷன் எழுதிக் கொடுத்துவிட்டுப் பெட்டி கட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் போன பிறகு பிசிக்ஸ் டிபார்ட்மெண்ட் என்றால் நானும் ஒரு அட்டெண்டரும் நாலு ஸ்பெக்ட்ரோமீட்டரும்தான்.

எங்கள் கல்லூரியில் பிசிக்ஸ் இன்டர்மீடியட்டோடு சரி. அதற்கு மேல் பி.எஸ்ஸி. படிக்க வேண்டுமென்றால் ஆண்கள் கல்லூரிக்குப் போக வேண்டும். எந்த அப்பாவும் அனுப்ப மாட்டார். இயற்கணிதத்தில் கொடி கட்டிப் பறந்த பெண்கள் எல்லாம் பேசாமல் சரித்திரத்தில் சேர்ந்துவிடுவார்கள், இல்லையென்றால் கல்யாணத்தில். இதை மாற்ற வேண்டுமென்று பிரின்சிபால் அம்மா பி.எஸ்ஸி. பிசிக்ஸ் கேட்டு யூனிவர்சிட்டிக்கு எழுதியிருந்தார். அவர் படித்தது சரித்திரம். ஆனால் அவருக்குப் பிடிவாதம் அதிகம்.

"பதில் வந்திருக்கு. புது சிலபஸ்ல மாடர்ன் பிசிக்ஸ்னு ஒரு பேப்பர் இருக்காம். அதை யார் நடத்துவாங்கன்னு கேக்கறாங்க. பிப்ரவரியில கமிட்டி வந்து அந்த ஆளை நேர்ல பாக்கும். ஆள் சரியில்லைன்னா கோர்ஸ் இல்லை. உன்னால முடியுமா?"

"முடியும் மேடம்."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சா முடியாதுன்னு தோணும். அதான் இப்பவே சொல்லிட்டேன்."

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான் மறுபடி பாதரசத்தைக் கூட்ட ஆரம்பித்தேன்.

வாய் விட்டுச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. இன்டர்மீடியட் இரண்டாம் வருஷத்தில் ராஜேஸ்வரி என்று ஒரு பெண், புத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். லேபில் அவள் எடுக்கும் ரீடிங்கை நான் சரிபார்க்க வேண்டியதே இல்லை. அவளுடைய அப்பா, நானும் தங்கியிருந்த ஹாஸ்டலுக்கு வரும்போதெல்லாம் என்னிடம் ஒரே பாட்டைப் பாடுவார். "ஆம்பளப் பசங்கோ படிக்கற காலேஜிக்கி அனுப்ப மாட்டேன்மா. இங்கியே அந்தப் படிப்பு வந்துச்சின்னா படிக்கட்டும். வரலன்னா இட்டுக்கினு பூடுவேன், மாப்ள ரெடியா கீறான்." மார்ச்சில் அவளுக்குப் பரீட்சை. பிப்ரவரியில் கமிட்டி. அதாவது அந்தப் பெண்ணின் படிப்பு என் தலையில் இருந்தது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

2. புத்தகத்துக்கு ஜடை

நான் மதராஸில் பி.எஸ்ஸி. ஆனர்ஸ் படித்தவள். லெக்சரராக அந்தத் தகுதி போதும். ஆனால் மாடர்ன் பிசிக்ஸ் எங்களுக்கு சிலபஸின் வாலில் இருந்தது. பரீட்சை நெருங்கும்போது ப்ரொஃபசர் ஓட்டமாக ஓடி முடித்தார், கடைசிப் பந்திக்கு மோர் ஊற்றுவது போல. எனக்குக் கிடைத்ததும் அந்த மோர்தான்.

சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது. லைப்ரரியில் தடியாக ஒரு வெளிநாட்டுப் புத்தகம் இருந்தது. முதலில் ரிலேட்டிவிட்டி, நடுவில் அணு, அப்புறம் குவாண்டம், வேவ் மெக்கானிக்ஸ். அதை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன். பிசிக்ஸ் எனக்குப் புரிந்தது. கதை போலப் போய்க்கொண்டே இருக்கும். திடீரென்று "ஆகையால்" என்று ஒரு வார்த்தை போட்டு, அடுத்த வரியில் ஒரு சமன்பாடு வரும். அந்த "ஆகையால்" மட்டும் புரியாது. என் ஆனர்ஸில் துணைப்பாடமாகப் படித்த கணக்கு அந்த இடத்தில் நொண்டியது.

எங்கே எந்தக் கணக்கு இல்லாமல் நிற்கிறேன் என்று தெரிய வேண்டும். பென்சிலால் குறித்தால் லைப்ரரியன் கத்துவார். லேபில் ஒயர்களுக்கு அடையாளமாகக் கலர் நூல் கட்டுவது என் வழக்கம். பாட்டரியின் பாஸிட்டிவுக்கு சிவப்பு, ரெசிஸ்டன்ஸ் பாக்ஸுக்கு நீலம், இப்படி. எங்கள் வீடு நகரி. நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, நாலு தறி. தறியில் மிச்சமாகும் துண்டு நூலுக்கு எங்கள் வீட்டில் பஞ்சமே கிடையாது. அதே வழக்கத்தைப் புத்தகத்துக்கும் கொண்டுவந்தேன். டென்ஸர் என்கிற கணக்கு தெரியாமல் நின்ற பக்கத்தில் பச்சை இழை. மாட்ரிக்ஸ் என்றால் நீலம். டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் என்றால் சிவப்பு.

திருப்பதிக் கடைக்குச் சேலை போட வந்த நைனா ஒரு பையில் நூலும் கொண்டுவந்தார்.

"நூலு வோணும்னு சொல்லி அனுப்பினியே, இன்னாத்துக்குமா? ஹாஸ்டல்ல தறி கிறி போட்டுக்கினியா?"

"புத்தகத்துல வெக்கறதுக்கு நைனா. புரியாத எடத்துல எல்லாம் ஒரு இழை வெக்கறேன்."

அவர் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இத்தினி எடத்துலயா சிக்கிக்கினு கீற? நல்லா துன்னு, தூங்கு. அப்புறமா சிக்க அவுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

பிரின்சிபால் அம்மா இன்னும் ஒரு படி மேலே போனார். ஓரத்தில் தொங்கும் இழைகளைப் பார்த்துவிட்டு, "புத்தகத்துக்கு ஜடை பின்னியிருக்கியா? பூ வெக்க மறந்துட்டியே" என்றார்.

3. இரண்டே பேப்பர்

பிசிக்ஸைத் தனியாகப் படித்துக்கொள்ளலாம் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது. தப்பாகப் புரிந்துகொண்டால் லேபில் ஒரு கருவி எழுந்து நின்று "இல்லை" என்று சொல்லும். கணக்கில் அப்படிச் சொல்ல ஒன்றுமில்லை. தப்பான வழியிலேயே பத்துப் பக்கம் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருக்கலாம். அதனால் கணக்கை மட்டும் வகுப்பில் உட்கார்ந்து படிப்பது என்று முடிவு செய்தேன்.

யூனிவர்சிட்டி அப்போது புதுசு. எம்.ஏ. கணக்கு வகுப்பு ஒரு வாடகைக் கட்டடத்தில் நடந்தது. பிரின்சிபால் அம்மா பேசி, வாரத்தில் இரண்டு மத்தியானம் நான் அங்கே போய் உட்கார அனுமதி வாங்கித் தந்தார். இரண்டே பேப்பர். அதற்கு மேல் எங்கள் டைம்டேபிள் இடம் கொடுக்காது.

கணக்கு ப்ரொஃபசர் நெல்லூர்க்காரர். மதராஸில் பல காலம் இருந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் தெலுங்கு. என்னைப் பார்த்ததும், "முதல்ல ரியல் அனாலிசிஸ் படி. அஸ்திவாரம் இல்லாம வீடு கட்டக் கூடாது" என்றார்.

"எனக்கு வீடு வேண்டாம் சார். மழைக்கு ஒதுங்க ஒரு பந்தல் போதும். பிப்ரவரியில மழை."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "எந்த ரெண்டு பேப்பர்னு திங்கட்கிழமை சொல்லு. சொன்ன பிறகு மாத்தக் கூடாது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை மடியில் வைத்து இழைகளை எண்ணினேன். பச்சைதான் எல்லாவற்றையும் விட அதிகம், புதர் மாதிரி இருந்தது. அடுத்தது நீலம். சிவப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாக. எனக்குச் சந்தேகமே இல்லை. திங்கட்கிழமை போய், டென்ஸர் வரும் டிஃபரன்ஷியல் ஜியாமெட்ரி ஒன்று, மாட்ரிக்ஸ் வரும் அல்ஜீப்ரா ஒன்று என்று பெயர் கொடுத்தேன்.

வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். முதல் பெஞ்சு முழுக்க எனக்கே. பையன்கள் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு உட்காருவார்களே தவிர, என் பெஞ்சுக்கு வர மாட்டார்கள். எனக்குக் கால் நீட்ட வசதியாகப் போயிற்று. ஜியாமெட்ரி ரொம்பப் பிடித்துவிட்டது. வளைந்த பரப்பின் மேல் நேர்கோடு என்றால் என்ன என்று அந்தப் பாடத்து லெக்சரர் போர்டில் வரைந்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பச்சை இழைகளை ஒவ்வொன்றாகப் புத்தகத்திலிருந்து உருவி எடுத்தேன். தசரா லீவு வருவதற்குள் எனக்குத் தலைக்கனமே வந்துவிட்டது.

4. சிவப்பு தீர்ந்துபோனது

தசரா முடிந்து வந்ததும் புது சிலபஸின் அச்சடித்த பிரதி வந்தது. அதுவரை தலைப்புகள்தான் எங்களுக்குத் தெரியும். பிரின்சிபால் அம்மாவின் மேஜைப் பக்கத்திலேயே நின்றுகொண்டு படித்தேன்.

ரிலேட்டிவிட்டி ஒரே ஒரு யூனிட். அதிலும் டென்ஸர் கிடையாது, பள்ளிக்கூடத்து அல்ஜீப்ராவே போதும். மீதி முழுக்க அணு, ஸ்பெக்ட்ரம், குவாண்டம், கடைசியில் வேவ் மெக்கானிக்ஸின் ஆரம்பம்.

ஓடிப் போய்ப் புத்தகத்தை எடுத்தேன். அணுவிலிருந்து கடைசி அட்டை வரைக்கும் ஒரு இழைகூட இல்லை. ஏன் இல்லை? நான் அங்கே படிக்கவே இல்லை. முதல் பகுதியிலேயே பச்சைக்குள் மாட்டிக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பின்பாதியை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். சுத்தமாக இருப்பதைப் பார்த்து, அங்கே தொந்தரவில்லை என்று மனசு எடுத்துக்கொண்டது. அது நெசவுக்காரர் வீட்டுக் கண். எங்கள் வீட்டில் துணியை விரித்துப் பார்க்கும்போது இழை நீட்டிக்கொண்டிருக்கிற இடம்தான் பழுது, இழை தெரியாத இடம் நல்ல துணி. சின்ன வயசிலிருந்து அப்படிப் பார்த்துப் பழகிய கண்ணால் புத்தகத்தையும் பார்த்துவிட்டேன். வேறு வீட்டில் பிறந்திருந்தால் இந்தத் தப்பு எனக்கு வந்திருக்காது.

அன்றைக்கே பின்பாதியை விடாமல் புரட்டினேன். புரிகிறதோ இல்லையோ, கடைசிப் பக்கம் வரைக்கும் போய், நிற்கிற இடத்தில் எல்லாம் இழை வைத்தேன். சிவப்பு, சிவப்பு, ஒரு நீலம், மறுபடி சிவப்பு. நைனா கொண்டுவந்த சிவப்பு நூல் அந்த வாரத்திலேயே தீர்ந்துபோனது. எனக்கு வேண்டியது டிஃபரன்ஷியல் ஈக்வேஷன். கணக்கு ப்ரொஃபசரே நடத்தும் அந்த வகுப்பு நான் ஜியாமெட்ரி படிக்கும் அதே மணி நேரத்தில் பக்கத்து அறையில் நடந்துகொண்டிருந்தது.

லேபில் ராஜேஸ்வரி கால்வனாமீட்டர் முன்னால் குனிந்து ரீடிங் எடுத்துக்கொண்டிருந்தாள். "மேடம், கமிட்டி எப்போ வருது?" என்று கேட்டாள். "வரும், நீ ரீடிங்கைப் பாரு" என்றேன். அவளிடம் நான் அப்படி எரிந்து விழுந்ததே இல்லை.

5. கணக்கு என்ன மருந்துக் கடையா?

மறுநாள் கணக்கு ப்ரொஃபசர் அறைக்குப் போனேன்.

"சார், ஜியாமெட்ரியை விட்டுட்டு டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ் கிளாசுக்கு வரணும்."

"ஏமம்மா, கணக்கு என்ன மருந்துக் கடையா? இதுல ரெண்டு அவுன்ஸ், அதுல ரெண்டு அவுன்ஸ்னு சீட்டு எடுத்துக்கிட்டு வர்றே?"

"முன்னாடி கொண்டாந்த சீட்டு தப்பு சார். நோய் வேற."

"மாத்தக் கூடாதுன்னு அப்பவே சொன்னேன். உனக்கு மாத்தினா அத்தனை பசங்களும் மாத்தக் கேப்பாங்க. பாதி டெர்ம் போயாச்சு. நாளன்னைக்கு தந்தி அதிர்வு ஆரம்பிக்கப் போறேன். பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன். நடுவுல வந்து உக்காந்தா உனக்கு என்ன புரியும்?"

அவர் சொன்னதில் எனக்குப் பிடி கிடைத்தது ஒரு வார்த்தையில்தான்.

"தந்தி அதிர்வா சார்? எனக்கு ஈக்வேஷன் தெரியாது. ஆனா தந்தியைத் தெரியும். உங்க பசங்க யாராவது அதைக் கண்ணால பாத்திருக்காங்களா?"

"போர்ட்ல வரைஞ்சு காட்டுவேன்."

"நான் கொண்டாந்து காட்டறேன் சார். ஒரு மணி நேரம் குடுங்க. பிரயோஜனம் இல்லைன்னு நீங்க சொன்னா பேசாம ஜியாமெட்ரிக்கே போயிடறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரே, கொண்டா" என்றார்.

மின்சாரத்தில் அதிரும் ட்யூனிங் ஃபோர்க், பாட்டரி, கப்பி, எடைத் தட்டு எல்லாவற்றையும் ஜட்காவில் ஏற்றினேன். பாட்டரியில் இருக்கும் ஆசிட் தளும்பாமலிருக்க வழி முழுக்க மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனேன். ஜட்காக்காரர், "அம்மா, இது வெடிக்குமா?" என்று இரண்டு தடவை கேட்டார். தந்திக்குப் பதிலாக, தறியில் நீளவாக்கில் ஓடும் கஞ்சி போட்ட பாவு நூல், நகரியிலிருந்து வந்தது. எங்கள் லேபில் இருந்த நூலை விட அது நேராக நிற்கும், எளிதில் அறாது.

வகுப்பு மேஜையில் ஃபோர்க்கை ஒரு முனையில் வைத்து, நூலை அதில் கட்டி, மறுமுனையைக் கப்பி வழியாகத் தட்டில் தொங்கவிட்டேன். ஸ்விட்ச் போட்டதும் ஃபோர்க் ரீங்காரம் போட்டது. நூல் சும்மா கலங்கலாக ஆடியது. தட்டில் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். ஒரு இடத்தில் சட்டென்று நூல் நான்கு வயிறாக, நான்கு புடைப்பாகப் பிரிந்து, கண்ணாடியில் செய்தது போல நின்றது. பையன்கள் பெஞ்சை விட்டு எழுந்து வந்துவிட்டார்கள். இன்னும் எடை போட்டேன். நான்கு கலைந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் மூன்று. மறுபடி கலைந்து, அப்புறம் இரண்டு. மூன்றரை என்று ஒன்று வரவே இல்லை.

ப்ரொஃபசர் மேஜையைச் சுற்றி வந்து, குனிந்து, இரண்டு வயிற்றுக்கும் நடுவில் விரல் நுனியைக் கொண்டுபோனார். "இங்க அசையவே இல்லையே!" என்றார். முப்பது வருஷம் அந்தப் புள்ளியைப் பூஜ்யம் என்று போர்டில் எழுதியவர் அவர்.

பிறகு சாக்பீஸை எடுத்து ஈக்வேஷனை எழுதினார். பொதுவான விடை எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம், இரண்டு முனையும் அசையாது என்று சொன்ன பிறகுதான் விடை முடிவாகும் என்றார். "எல்லை முடிவாகாம எதுவும் முடிவாகாது, நம்ம ஜில்லா மாதிரி" என்று அவரே ஒரு ஜோக் அடித்தார். அந்த வகுப்பில் அவர் அடித்த முதல் ஜோக் அதுதானாம், பையன்கள் பிறகு சொன்னார்கள். முனைகளைப் பூஜ்யமாக்கியதும் முழு எண்கள் மட்டும் மிஞ்சி நின்றன. ஒன்று, இரண்டு, மூன்று.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என் புத்தகத்தின் பின்பாதியில் சிவப்பு இழை வைத்த பக்கங்களில் இருந்தது இதேதான். அணுவுக்குள் எலக்ட்ரான் ஏன் குறிப்பிட்ட சக்தியில் மட்டும் இருக்கிறது, நடுவில் ஏன் இருப்பதில்லை என்று எத்தனையோ நாள் முட்டிக்கொண்டிருந்தேன். அடைபட்ட அலைக்கு முழு எண்கள்தான் கிடைக்கும். மூன்றரை கிடையாது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இன்று வரைக்கும் வேறு எதிலும் நான் அடைந்ததில்லை.

சாமானைக் கட்டும்போது ப்ரொஃபசர் பக்கத்தில் வந்தார். "இந்தக் கிளாசுக்கே வா. ஆனா விட்டுப்போன பாகத்தை நீயேதான் படிச்சுக்கணும். ஒரு வரி சொல்லித் தர மாட்டேன்." சொன்னபடியே சொல்லித் தரவில்லை. ஆனால் நான் போட்டுக்கொண்டு போகும் கணக்குகளில் தப்பு இருந்தால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுப்பார். எங்கே தப்பு என்று தேடுவது என் பாடு.

6. கமிட்டி

பிப்ரவரியில் மூன்று பேர் வந்தார்கள். இருவர் கட்டடத்தையும் லேபையும் பார்த்தார்கள். மூன்றாமவர் வெளியூர் பிசிக்ஸ் ப்ரொஃபசர், அந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றவில்லை. அவர் என்னைப் பார்க்க வந்தவர்.

"வேவ் மெக்கானிக்ஸ் யார்கிட்ட படிச்சீங்க?"

"புத்தகத்துக்கிட்ட சார். கணக்கை மட்டும் யூனிவர்சிட்டியில."

"கணக்கு எதெது?"

"டிஃபரன்ஷியல் ஈக்வேஷன், மாட்ரிக்ஸ்."

"ஏன் இந்த ரெண்டும்?"

ஜியாமெட்ரி எடுத்து மாட்டிக்கொண்டது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். பிரின்சிபால் அம்மா மேஜைக்குக் கீழே என் காலை மிதித்தார். மிதித்தாலும் நான் நிறுத்தவில்லை.

அவர் சாக்பீஸை நீட்டினார். ஒரு பெட்டிக்குள் அடைபட்ட எலக்ட்ரானின் சக்தியைக் கண்டுபிடிக்கச் சொன்னார். போட்டேன். "ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எழுதியிருக்கீங்க. பூஜ்யம் ஏன் எழுதலை?" என்றார்.

"பூஜ்யம் போட்டா அலையே இல்லை சார். எலக்ட்ரான் பெட்டியில எங்கயும் இல்லைன்னு ஆயிடும். பெட்டியில இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவர் தலையாட்டினார். "இந்தப் பேப்பர்ல உங்களுக்கு வராத பாகம் ஏதாவது?"

"சிலபஸ்ல இல்லை சார். புத்தகத்துல கடைசி ரெண்டு சாப்டர் எனக்கு வராது. மாணவி கேட்டா தெரியாதுன்னு சொல்லுவேன்."

"தெரியாதுன்னு ஒரு டீச்சர் சொல்லலாமா?"

"எந்தப் பக்கத்திலேர்ந்து தெரியாதுன்னு சொல்லத் தெரியும் சார். அது தெரிஞ்சா அடுத்து என்ன படிக்கணும்னு தெரிஞ்சிடும்."

மூன்று பேரும் காபி குடித்துவிட்டுப் போனார்கள். மே மாதம் பி.எஸ்ஸி.க்கு அனுமதி கொடுத்து ஆர்டர் வந்தது. ராஜேஸ்வரியின் அப்பா அட்மிஷனுக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம், "மாப்ளகிட்ட ரெண்டு வருசம் பொறுன்னு சொல்லிக்கீறேன்மா. அவன் பொறுக்கலன்னா வேற மாப்ள" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பயந்துபோய், "இன்னாமா, நானு எதுனா தப்பா சொல்ட்டனா?" என்று கேட்டார்.

7. எது அசைகிறது

மாடர்ன் பிசிக்ஸைச் சொந்தமாகப் படிக்கப் போகிறேன், எந்தக் கணக்கு எடுக்கட்டும் என்று இன்றும் பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். என்னிடம் பட்டியல் ஏதும் கிடையாது. நீ படிக்கப் போகும் புத்தகத்தைக் கொண்டா என்பேன். அதை, புரியாவிட்டாலும் பரவாயில்லை, கடைசிப் பக்கம் வரைக்கும் ஒரு தடவை புரட்டிவிட்டு வா என்பேன். எந்த இடத்தில் நிற்கிறாயோ அந்த இடம் கேட்கும் கணக்கை எடு. படிக்காத பக்கத்தை லேசு என்று நினைக்காதே. பிடித்த பாடம் வேறு, வேண்டிய பாடம் வேறு. பிடித்ததை அப்புறம் படிக்கலாம், அது எங்கும் ஓடிவிடாது. கணக்கு ப்ரொஃபசர் சொன்ன ரியல் அனாலிசிஸையும் நான் பல வருஷம் கழித்துப் படித்தேன். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அதை முதலில் படித்திருந்தால் ராஜேஸ்வரி புத்தூரில் மாப்பிள்ளை வீட்டில் இருந்திருப்பாள்.

பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷத்தில்தான் மாடர்ன் பிசிக்ஸ் பேப்பர். எங்கள் முதல் பேட்ச், ஒன்பது பெண்கள். வேவ் மெக்கானிக்ஸ் ஆரம்பித்த அன்று மேஜையில் நூலைக் கட்டி நான்கு வயிறு, மூன்று வயிறு எல்லாம் காட்டினேன். அப்புறம் போர்டில் எலக்ட்ரானின் அலையை வரைந்தேன். எனக்கு என் மேலேயே பெருமையாக இருந்தது. ராஜேஸ்வரி எழுந்தாள்.

"மேடம், இங்க நூலு அசையுது. அது கண்ணுக்குத் தெரியுது. அணுவுக்குள்ள எது அசையுது?"

போர்டைப் பார்த்தேன். கணக்கு முழுக்க சரியாக இருந்தது. அவள் கேட்டதற்கு அதில் பதில் இல்லை. போர்டின் மூலையில் அந்தக் கேள்வியை எழுதிக் கட்டம் கட்டினேன். "எனக்குத் தெரியலை. தேடிட்டு வரேன், நீங்களும் தேடுங்க" என்றேன். மணி அடித்த பிறகும் அந்தப் பெண்கள் எழுந்திருக்காமல் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் பிரின்சிபால் அம்மா கூப்பிட்டார். "எப்படிப் போச்சு?"

"ஒரு பொண்ணு கேட்ட கேள்விக்குப் பதில் தெரியலை மேடம். புத்தகத்துல தேடினேன். எழுதினவருக்கும் தெரிஞ்ச மாதிரி இல்லை."

"அவ்ளோ நல்ல கேள்வியா?"

"ரொம்ப நல்ல கேள்வி மேடம்."

அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஒரு வருஷமா இங்க நடந்தது அட்மிஷன். இன்னைக்குத்தான் கோர்ஸ் ஆரம்பிச்சிருக்கு" என்றார்.